நான் வெட்டி எறிந்த உன் பேச்சு

அன்பு மாப்ள முனுசாமிக்கு,

நீ திடீரென்று கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மகள் தேவி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பி.ஏ. முதல் வருஷம், சென்னையில் ஹாஸ்டல். கண் தெரியாத பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று என் தங்கை லட்சுமி அழுதாள். "நைனா இருந்தா அனுப்பியிருப்பாரு" என்று தேவி ஒரே பேச்சில் அவள் வாயை அடைத்துவிட்டாள். உன் பிடிவாதம்தான், வேறெங்கிருந்து வரும்?

அவளுடைய பத்தாம் வகுப்புப் பாடங்களை என் வீட்டில் பதிவு செய்தோமே, நினைவிருக்கிறதா? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் காலை ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வந்துவிடுவாய். நீ புத்தகத்தைப் படிப்பாய், நான் அந்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். முதல் சிடியைக் கேட்டுவிட்டு, "நைனா கெணத்துக்குள்ள இருந்து படிக்கிற மாதிரி கீது மாமா. பாதி வார்த்த புரியல" என்றாள் தேவி. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

அப்புறம் நாம் அடிக்காத கூத்தா? ஜன்னலில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டோம். எதிரொலி அடங்க, பீரோவைத் திறந்து புடவைகளுக்கு எதிரே உன்னை உட்காரவைத்தேன். 'ப' வரும்போதெல்லாம் மைக்கில் காற்று மோதி வெடித்தது. வாய்க்கு நேராக வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்ததும் சரியானது. ஃப்ரிட்ஜ் சத்தம் கூடாதென்று அதை நிறுத்தி, திரும்பப் போட மறந்து, இட்லி மாவு புளித்து நாறியதில் மறுநாள் எனக்கு வீட்டில் நாஷ்டா கிடைக்கவில்லை.

என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஆலையின் இரைச்சலை மட்டும் எதுவும் தடுக்கவில்லை. அதற்குத்தான் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து விநாடி சும்மா இருக்கச் சொன்னேன். அந்த வெறும் இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், கம்ப்யூட்டர் அதைப் பதிவு முழுக்கத் தேடி அழித்துவிடும். உன்னால் முடிந்ததா? மிஷின் பக்கத்தில் கத்திக் கத்திப் பழகிய வாய். "தேவிம்மா, ஒங்க மாமா என்னிய வாய மூடிக்கினு குந்தச் சொல்றாரு" என்று ஆரம்பிப்பாய். ஒருமுறை கவனிக்காமல் அதையே நான் மாதிரியாகக் காட்ட, கம்ப்யூட்டர் உன் குரலையே இரைச்சல் என்று நினைத்துப் பாடம் முழுக்கக் கரைத்துவிட்டது. ஒரு நாள் உழைப்பு போச்சு.

"இது பாடம் மாப்ள. ஊட்டுக் கதைய ஊட்ல போயி பேசு" என்று எரிந்து விழுந்தேன்.

"பாடம் புக்குல கீது மச்சான். நான் எம் பொண்ணாண்ட பேசிக்கினு கீறேன்" என்றாய் நீ.

அன்றிலிருந்து உன்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு வெறும் அறையைத் தனியாகப் பதிவு செய்தேன். பாடத்துக்கு நடுவில் நீ பேசியதையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். சுத்தமான பதிவு என்று எனக்குப் பெருமை வேறு. அவள் நல்ல மார்க் வாங்கியபோது அந்தத் திமிர் இன்னும் ஏறியது.

போன வாரம் தேவி வந்தாள். எல்லா சிடியையும் பிளேயரில் போடச் சொன்னாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசி சிடி முடிந்ததும் கேட்டாள்: "படிக்கறது மட்டும்தான் கீது. நடுவுல எங்கிட்ட பேசினேன்னு நைனா சொன்னாரே, அது ஒண்ணுகூட இல்லியா மாமா?"

நான்தான் வெட்டினேன் என்றேன். வெட்டாத பதிவுகள் இருந்த அந்தக் கம்ப்யூட்டரும் இப்போது இல்லை என்றேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மாப்ள. பையிலிருந்து தன் சின்ன ரெக்கார்டரை எடுத்தாள். "அப்போ நைனா இன்னா இன்னா பேசினாருன்னு நீங்க சொல்லுங்க. நான் பதிஞ்சிக்கிறேன்."

தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதையும் நிறுத்தத் தோன்றவில்லை. ராஜாக்கள் பெயர் வாயில் நுழையாமல் நீ சிரித்ததைச் சொன்னேன். அறிவியல் பாடத்துக்கு நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு, "பெயிலானாலும் அழாத தேவிம்மா, நைனா கீறேன்" என்று நீ சொன்னதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. இதையும் நான் வெட்டியிருக்கிறேனே, எப்படி மனசு வந்தது?

"இது நல்லா வரலம்மா. அழிச்சிட்டு மொதல்ல இருந்து சொல்றேன்" என்றேன்.

"வாணாம் மாமா" என்று ரெக்கார்டரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இதயும் வெட்டிடாதீங்க."

வெட்டமாட்டேன் மாப்ள. அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து, நீ பேசியதில் எனக்கு நினைவிருப்பதை ஒன்றுவிடாமல் அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

உன் மச்சான்,
தேவியின் தாய்மாமன்