நானூற்றுப் பதினெட்டாவது வரி

இன்று காலை ஆபீசில் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் எஃப் ஒன்பது விசையைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, அந்த விசைக்கு வேலை கொடுத்தவள் நீ என்று. நீ இறந்துபோய் ஏழு மாதமாகிறது. என் விரலுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

2009இல் சிதம்பரம் கீழ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நம் கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்காக, தொட்டி நிரம்பி வழிவதற்கு முன் மணியடிக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். நான் இங்கே எழுதுவேன். நீ உங்கள் குப்பத்திலிருந்து சைக்கிளில் அங்கே போய், தொட்டிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சரிபார்ப்பாய். பேச்செல்லாம் போனில்தான். "எரநூத்திப் பன்னெண்டாவது வரியப் பாருடி" என்பாய், நான் அந்த வரிக்குப் போவேன். உன்னிடம் இருக்கும் ஃபைலும் என்னிடம் இருப்பதும் எப்போதும் ஒன்றுதான் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் ஊருக்குப் போகும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது நீ போன் செய்தாய். "நானூத்திப் பதினெட்டு, டெஸ்ட்டுக்குப் போட்ட வரி. அத்த எடுத்துட்டுக் கெளம்புடி." எடுத்தேன். அன்று காலைதான் நான் ஃபைலின் தொடக்கத்தில் ஆறு வரிகள் சேர்த்திருந்தேன். உன்னுடைய நானூற்றுப் பதினெட்டு என்னிடம் ஆறு வரி கீழே இறங்கியிருந்தது. நான் எடுத்தது மணியை அடிக்கச் சொல்லும் வரியை.

திங்கட்கிழமை சோதனை ஓட்டம். தொட்டியில் தண்ணீர் விட்டார்கள். நிரம்பியது, வழிந்தது, மணி அடிக்கவில்லை. கீழே நின்ற சூப்பர்வைசர் தலையோடு நனைந்தார். தண்ணீர் என்பதால் நனைந்ததோடு போயிற்று. அந்தத் தொட்டி அமிலத்துக்கானது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். நான் சேர்ந்து நாலு மாதம்தான், வேலை நிரந்தரமாகவில்லை. வந்து பார்த்த மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைப் பிடித்துவிட்டது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. "இப்பதான் வேலைக்குப் போறா, கொஞ்ச நாள் போவட்டும்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து அம்மா நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலை போனால் மறுவாரமே எனக்குப் பூ வைத்துவிடுவார்கள். உனக்கு அது தெரியும்.

நான் அவர் முன்னால் நின்றிருந்தபோதே நீ போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாய். "சார், நம்பர் சொன்னது நானு. பழைய காப்பியப் பாத்து சொல்லிட்டேன். நான் சொன்னதத்தான் அவ செஞ்சா." அவர் உன்னைத் திட்டிய திட்டை அறையில் எல்லோரும் கேட்டோம். என் வேலை தப்பியது.

அடுத்த ஞாயிறு நெத்திலி வறுவல் டப்பாவோடு பஸ் ஏறி வந்தாய். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, நாம் புரோகிராம் எழுதும் எடிட்டரின் அமைப்புகளைத் திறந்து முப்பது வரி எழுதினாய். இனி வேண்டிய வரியில் கர்சரை வைத்து எஃப் ஒன்பது தட்டினால் போதும். எந்த ஃபைல், எத்தனையாவது வரி, எந்த நாளைய காப்பி என்று எல்லாம் அடங்கிய ஒரு லிங்க் வரும். அதை சாட்டில் அனுப்பினால், வாங்குபவருக்கு அதே வரி, அன்றிருந்த நிலையிலேயே, மஞ்சளாகத் திறக்கும். முதல் முறை தட்டியபோது ஒரு வரி தள்ளித் திறந்தது. "சனியன், இது சைபர்லேருந்து எண்ணுது" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

"இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்" என்றேன்.

"ஜாக்கிரதையா இருன்னு யாரு வேணா சொல்லலாம்டி. அவசரத்துல இருந்தாலும் தப்பு நடக்காத மாதிரி செஞ்சி வைக்கணும். அதுக்குத்தான நமக்கு சம்பளம்" என்றாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அன்று அந்த வரியை நான் படிக்கவே இல்லை. நம்பரை மட்டும் பார்த்து அழித்தேன். படித்திருந்தால் தெரிந்திருக்கும், மணி என்ற பெயர் அதிலேயே இருந்தது. தப்பில் பெரிய பங்கு என்னுடையது, நீ மொத்தத்தையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். அந்த வேலை நிலைத்ததால்தான், போன வருடம் எனக்குப் பிடித்தவரை வீட்டில் சொல்லிக் கட்டிக்கொள்ள முடிந்தது. பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்ட உன்னிடம் அப்போதாவது நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மத்தியானம் உன் முப்பது வரிகளைத் தேடியெடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். சரியாக வருகிறதா என்று ஒத்துப்பார்க்க, பழைய சாட்டில் நீ அனுப்பிய முதல் லிங்கைத் தட்டினேன். திரும்பச் சேர்த்த அந்த மணி வரி மஞ்சளாகத் திறந்தது. லிங்குக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அடுத்த வாட்டி எடுக்குறதுக்கு முன்னாடி படிச்சிப் பாருடி." அன்று அதை வழக்கமான கேலி என்று கடந்திருப்பேன். இன்றுதான் புரிந்தது, நான் படிக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறாய்.

நன்றிடி. அந்த வாரத்துக்குப் பிறகு ஒரு வரியைக்கூடப் படிக்காமல் நான் எடுத்ததில்லை. உன் முப்பது வரிகளையும் இன்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தேன்.