காலையில் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பு

அன்புள்ள பூவரசனுக்கு, ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லை, ஆஸ்திரேலியாவில் நீயும் நந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், இதில் குறுக்கே பேச முடியாது பார்.

ஊர் சுற்றக் கிளம்புவதற்கு, ராத்திரி படுத்துத் தூங்குகிற அந்தப் படுக்கை வண்டியை ஜீப்புக்குப் பின்னால் மாட்டி நீ அனுப்பிய படத்தில் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள், நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகப் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறவளுக்கு வேறு எங்கே கண் போகும்? டயர் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. காற்று முப்பத்திரண்டு பவுண்டு வைத்திருக்கிறேன் என்றாய், அது நீங்கள் இரண்டு பேர் கடைக்குப் போய்வரச் சரி. கூரைமேல் பெட்டி, தண்ணீர் கேன், பின்னால் இழுவை, இத்தனைக்கும் பத்தாது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று தனி எண் இருக்கும், அதைப் பார். படுக்கை வண்டிக்கு அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார். மணலில் இறங்கினால் காற்றைக் குறைப்பார்களாமே, குறைத்துக்கொள், ஆனால் தார் ரோடு ஏறியதும் திரும்ப அடிக்காமல் வேகம் எடுக்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. போன சித்திரையில் லாரிக்கார வாஹித் பாஷா வாணியம்பாடியிலிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் வந்தார். டயர் கொதித்தது, காற்று ஜாஸ்தி காட்டியது. கொஞ்சம் எறக்கி வுடும்மா, வெடிச்சிடப் போவுது என்றார். கூடாது என்று தெரிந்தும் இறக்கிவிட்டேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அதே டயர் வெடித்து வண்டி சாய்ந்துவிட்டது. சூட்டில் காற்று ஏறித்தான் காட்டும், அதை இறக்கினால் பாரத்தில் டயர் மடிந்து மடிந்து இன்னும் சூடேறும். கை எலும்பு முறிந்ததோடு பிழைத்தார். இப்போதும் வருகிறார், என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் சொல்கிறேன், தார் ரோட்டில் ஓடிச் சூடான டயரில் கை வைக்காதே. ஒரு மணி நேரத்தில் நான்கு ஏறினால் சரி. எட்டு ஏறினால் காலையில் கம்மியாக வைத்துவிட்டாய் என்று அர்த்தம், நிறுத்தி ஆறவிட்டு இன்னும் அடி.

இந்த லீவுக்கு நீ ஊருக்கு வருவாய் என்று இருந்தேன். கோபம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. பங்க்கில் ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டாமென்று சொல்லிவிட்டேன், வீட்டில் யாரிடம் பேசுவது? அங்கே என்றால் இன்னாம்மா, நல்லாகீறியா என்று நாலு லாரிக்காரர்களாவது கேட்கிறார்கள்.

தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, ஆறு சக்கரத்தின் எண்ணையும் எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் வழி நெடுகக் கூட வரட்டும், இருவரும் நன்றாக இருங்கள்.

மறந்துவிடாதே, பயணம் முடிந்து படுக்கை வண்டியைக் கழற்றி வைத்த பிறகும் அனுப்பு. அப்போது நான்கு சக்கரம்தான், உனக்கு அதிக நேரம் ஆகாது.

உன் அம்மா,
மீனாம்பாள்