மாடி அறைக்குப் போக இருந்த மண்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவர் முகம் மட்டும் நலமில்லை.

அதற்குக் காரணம் நான்தான், ஆனால் அது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீங்கள் வந்தால் தங்க மாடியில் ஓர் அறை கட்டியே தீருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு சூளைக்காரர் வந்துவிட்டார். கீழ் வயலில் இடுப்பளவு மேல்மண்ணை வெட்டிக்கொள்கிறேன், பதிலுக்கு அறைக்கு வேண்டிய செங்கல்லை இறக்குகிறேன் என்றார். அடியில் இருப்பதும் மண்தானே என்று வேறு சமாதானம். அப்பா தலையாட்டிவிட்டார். பக்கத்து வயல் மேட்டுக்காரரைப் பார்த்துமா இந்த ஆசை? அவரும் இப்படித்தான் கொடுத்தார். அந்த மேட்டில் இப்போது தவளைகள்தான் குடித்தனம் நடத்துகின்றன, ஊர் மட்டும் அவரை இன்னும் மேட்டுக்காரர் என்கிறது. பள்ளத்தில் அவர் விதைத்தது முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளாக நின்றது. நாம் பாய்ச்சும் தண்ணீரும் வரப்பைக் கரைத்துக்கொண்டு அங்கேதான் போய் விழுகிறது. சூளைப் புகையில் நம் கத்தரி இலையைத் தொட்டால் கை கறுப்பாகிறது. எல்லாம் எடுத்துச் சொன்னேன். மகளுக்கு அறை வேண்டாமா என்று உன்னை வைத்தே என் வாயை அடைத்தார்.

சூளைக்காரர் சோதனைக்கு ஒரு சாக்கில் மண் கட்டி, மறுநாள் ஆள் வந்து தூக்கும் என்று கொல்லையில் வைத்தார். நான் கொடுத்த டீயைக் குடித்தபடி, எல்லா மண்ணும் செங்கல்லுக்கு ஆகாது, சுண்ணாம்புக்கல் நொறுக்கு கலந்திருந்தால் சுட்டபின் காற்றின் ஈரம் பட்டாலே வெடித்து உதிர்ந்துவிடும் என்று பெருமையடித்தார். நான் கேட்டேனா? அவராகச் சொன்னார். வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புக்கல் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சும்மாதான் கிடந்தது. அப்பா குளிக்கப் போனார், நான் சுத்தியலை எடுத்தேன். சாக்கை அவிழ்த்ததும் தெரியாது, கட்டியதும் தெரியாது.

போன வாரம் சூளைக்காரர் சோதனைக் கல்லோடு வந்தார். அப்பா வாங்கியதும் அது கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. உங்கள் மண் சரியில்லை என்றார் அவர். அவ்வளவுதான், அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எங்க மண்ணையா சரியில்லைங்கற? முதல்ல வாசலை விட்டு இறங்கு" என்றார். அடியோடு கொடுக்கத் துணிந்த மனுஷனுக்கு அதைக் குறை சொன்னால் மட்டும் பொறுக்கவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்கு ஓடினேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தினமும் வயலுக்குப் போய் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறார். நம் மண் நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று என்னைக் கேட்கிறார். பாவமாக இருக்கிறது. நல்ல மண் என்று நான் சொன்னால், அப்புறம் கல் ஏன் வெடித்தது என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீ சொல். மாடி அறை வேண்டாம், கூடத்தில் படுத்துக்கொள்கிறோம் என்று சொல். அங்கே வாங்கும் கத்தரிக்காய்க்கு நம் வயல் ருசி இல்லை, நம் மண்ணுக்கு ஈடே இல்லை என்று சொல். உன் குரலில் கேட்டால் நம்புவார்.

இரண்டு பேரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கிழிக்க மறக்காதே.

உன் அம்மா

பி.கு.: எதிர் வயல்காரர் மனைவியிடம் மட்டும்தான் இதைச் சொன்னேன். அவள் வீட்டுக் கொல்லைக்கும் ஒரு சாக்கு வந்திருக்கிறதாம். மீதிச் சுண்ணாம்பை நேற்றுதான் வாங்கிக்கொண்டு போனாள்.