கைராசிக்காரரின் வயது

மார்ச் 4

அன்புள்ள என்னவருக்கு,

நீங்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காததும் நல்லதுதான். இதைப் போனில் சொன்னால் பதறியிருப்பீர்கள். மூன்று வாரமாகத் தலைசுற்றல். தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தால் அறையே ஆடுகிறது. காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "கோளாறு கழுத்துலம்மா. வருஷக்கணக்கா குனிஞ்சே இருந்திருக்கீங்க" என்றார். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். இறுகிய தசைகளை மெல்ல அழுத்திவிடுகிறார். கண்ணாடியில் ஒரு பொத்தானை ஒட்டி, அதையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்கிறார். நல்ல கைராசிக்காரர். நாலு தடவை போனதில் பாதி குறைந்துவிட்டது.

உங்கள் வாயாடி

மார்ச் 15

என் வாயாடிக்கு,

கைராசிக்காரராமே! தைலம் தேய்த்துவிட எனக்குக் கையில்லையா? அந்த ஆளுக்கு என்ன வயது? கல்யாணம் ஆனவனா? கதவைத் திறந்து வைத்திருப்பானா? இங்கே பாறையை உடைக்கிறேன், கண்ணுக்குள் அவன் கைதான் நிற்கிறது. பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு தைலம் வாங்கித் தேய்த்துக்கொள். இனி அங்கே போகாதே.

உன்னவன்

ஏப்ரல் 2

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்தபின் கடைசியாக ஒருமுறை போய்க் கேட்டேன். வயது முப்பத்தாறு. கல்யாணமாகிவிட்டது. கதவு கிடையாது, திரைச்சீலைதான். போதுமா? அதன்பின் போகவில்லை. நீங்கள் சொன்ன தைலத்தைத்தான் தேய்க்கிறேன். நேற்று மாடிப்படியில் தலை சுற்றி நாலு படி உருண்டுவிட்டேன். கீழ்வீட்டு அக்காதான் தூக்கிவிட்டார். முழங்கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 14

என் வாயாடிக்கு,

முப்பத்தாறா? என்னைவிட ஆறு வயது இளையவன். நீ கேட்டதும் உடனே சொல்லிவிட்டானா? சிரித்துக்கொண்டா சொன்னான்? அதென்ன திரைச்சீலை? யார் வேண்டுமானாலும் இழுத்து மூடலாமே! போவதை நிறுத்தியது நல்லதாயிற்று. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

உன்னவன்

ஏப்ரல் 26

வணக்கம்.

நீங்கள் கேட்கச் சொன்னதால்தான் கேட்டேன். கேட்கவே நாக்கு கூசியது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்தாறு இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது. என் முழங்கை எங்கேயும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி சிகிச்சைக்குப் போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் குனியக் கூடாது என்று கைராசிக்காரர் சொல்லியிருக்கிறார். அது தையலுக்கே பற்றவில்லை. அதனால் இனி உங்களுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி