மிளகாய் இல்லாத இலை

27 ஜனவரி 1974, ஞாயிறு

காலையில் நல்ல பனி. அவரைப் பந்தலில் காய் கொட்டிக் கிடக்கிறது. பறித்து மாளவில்லை.

வில்லியனூரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். போன முறை காபியோடு எழுந்து போனவர்கள். இந்த முறை பேச்சு சரிப்பட்டால் நம் வீட்டில் கை நனைப்பார்கள். சோற்றில் கை வைக்கிற வரைக்கும் எதுவும் நிச்சயமில்லை.

வசந்தாவுக்குக் கிணற்றடியில் ஒரே பாட்டு. இவருடைய தங்கை என்று பேர், மாமியார் போன பிறகு தலை வாரிவிட்டு வளர்த்தது நான். இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளையாரப்பா, அமைந்துவிடணும்.

விருந்து என் பொறுப்பு. இப்போதே கை பரபரக்கிறது.

28, திங்கள்

தயிர் உறையவில்லை. குளிர்.

மத்தியானம் ரேடியோவில் யாரோ ஒரு பேராசிரியர். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே கப்பலில் வந்தவையாம். அதற்கு முன்னால் காரத்துக்கு மிளகுதானாம். அரிசி களைந்த கையோடு நின்று கேட்டேன். அப்படியானால் பாகூர் கோயிலைக் கட்டினவர்கள் தக்காளி ரசமே குடித்ததில்லை. பாவம். அவர்கள் என்னதான் சாப்பிட்டிருப்பார்கள்?

சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். கோயில் கட்டின காலத்துச் சாப்பாடு. தை மாதத்தில் இங்கே விளைவது மட்டும். வில்லியனூர்க்காரர்கள் இப்படி ஓர் இலை பார்த்திருக்க மாட்டார்கள்.

தள்ளியவை: மிளகாய், தக்காளி, உ.கிழங்கு, கோஸ், பீன்ஸ். முந்திரியும் கப்பல்தானாம், பாயசத்துக்குத் தேங்காய்ப் பல் போதும். மல்லாட்டை. வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பேரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மல்லாட்டைக்கு மட்டும் இவருக்குக் கோபம். "நம்ம நெலத்துல வெளஞ்சது எப்டிடி வெளியூரு ஆவும்?"

"மல்லாட்டைக்காகக் கோச்சிக்கிற மனுசர இப்பதான் பாக்கிறேன்" என்றேன். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குச் சரியாக வந்துவிட்டார்.

30, புதன்

ஒத்திகை. மிளகுக் குழம்பு. நல்லெண்ணெய், சுண்டைக்காய் வற்றல், பழம்புளி. முதல் தடவை மிளகு போதவில்லை. இரண்டாம் தடவை இவருக்கு மூக்கில் தண்ணீர்.

"மொளகா இல்லாம சப்புனு இருக்கும்னு நெனச்சேன்" என்றார் துடைத்துக்கொண்டே. மூன்று தரம் சோறு வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மல்லாட்டை உருண்டைக்குப் பதில் எள்ளுருண்டை. வசந்தா பிடித்தாள், பாதி வாய்க்குப் போனது.

2 பிப்ரவரி, சனி

பாகூர் கடைத்தெரு. வாழைக்காய், பாகல், சேப்பங்கிழங்கு, பிரண்டை, இஞ்சி.

காய்க்காரம்மா கூடையைப் பார்த்தாள். "இன்னாக்கா, தை அமாவாச போயிடுச்சே. இப்ப யாருக்கு?"

"யாருக்குமில்ல, விருந்து" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கென்ன தெரியும், மிளகாய் கப்பலில் வந்த கதை.

3, ஞாயிறு

எழுதவே சிரிப்பு வருகிறது. மத்தியானம் சிரிப்பு வரவில்லை.

பேச்செல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. சீர் என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இலை போட்டோம். பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பெருமையாக வைத்துக்கொண்டே வந்தேன். பாகல், வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை. சோறு, குழம்பு.

அந்த அம்மா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"இன்னாம்மா இது. எள்ளு இருக்குது, பாகக்கா இருக்குது, ஒரு மொளகா கூடக் காணம். எங்க வூட்ல தெவசத்துக்குத்தான் இப்டி எல போடுவோம். இங்க யாருக்குத் தெவசம்?"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நம் வீட்டில் திதி என்றால் கோயிலில் ஐயருக்கு அரிசி, காய் கொடுப்பதோடு சரி. சமைத்தால் தெரிந்திருக்கும். காய்க்காரம்மா பார்த்த பார்வை அப்போதுதான் விளங்கியது. இவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரேடியோ, கப்பல், பேராசிரியர் என்று ஏதோ உளறினேன். யாரும் சோற்றைத் தொடவில்லை. என் புத்திசாலித்தனத்தால் நான் வளர்த்த பெண்ணின் வாழ்க்கையே போயிற்று என்று நினைத்தேன்.

பின்கட்டுக் கதவு சத்தம். வசந்தா. முந்தானையில் பச்சை மிளகாய், தோட்டத்துச் செடியிலிருந்து அப்போதுதான் பறித்தது. ஆளுக்கொன்று இலையில் வைத்தாள். பட்டுப்புடவை நுனியெல்லாம் ஈரமண்.

"தெவசத்துக்கு மொளகா கூடாதில்ல அத்த? இப்ப இருக்குது. இது விருந்துதான்."

கல்யாணம் முடியவில்லை, அத்தையாம்.

அந்தப் பையன் மிளகாயை எடுத்தான். அப்படியே ஒரு கடி. கண்ணெல்லாம் சிவந்து இருமினான். "தெவசமில்லம்மா. நல்லாவே ஒறைக்குது" என்றான். அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தான்.

அவன் அப்பா அதற்குத்தான் காத்திருந்தார் போல. மிளகாயை ஓரமாக ஒதுக்கினார். "எனக்கு இந்தக் கொழம்பு இன்னும் ஊத்தும்மா. வருசத்துல ஒரு நாளு, எங்கப்பா பேரச் சொல்லித்தான் இது எனக்குக் கெடைக்கும். எப்படா அந்தத் திதி வரும்னு பாத்துக்குனு இருப்பேன்."

"இத்தினி வருசமா சொல்லவேயில்லியே நீ" என்றாள் அந்த அம்மா.

"அப்பன் தெவசத்துக்கு ஆசப்படறேன்னு எப்டி சொல்றது?"

அவ்வளவுதான், அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே கை நனைத்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

குழம்புச் சட்டி காலி. எனக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கிளம்பும்போது பெரியவர் என்னிடம் தனியாக, "பொண்ணுக்கு அந்தக் கொழம்பு வெக்கத் தெரியுமாம்மா?" தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

4, திங்கள்

பனி குறைந்துவிட்டது. இவர் பெரிய தட்டு நிறைய மல்லாட்டை வறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். நேற்று ஜெயித்தது மல்லாட்டைதான் என்பதுபோல ஒரு பார்வை.

வசந்தா இன்று தானாகவே அடுப்புப் பற்றவைத்து மிளகுக் குழம்பு வைத்தாள். ஒரே உப்பு. புளியும் பச்சை வாசனை. "நல்லா இல்லியா அண்ணி?" என்று என் முகத்தையே பார்க்கிறாள்.

வைகாசியில்தான் முகூர்த்தம். மெதுவாகவே கற்றுக்கொள்ளட்டும்.