ஒன்பதாம் அறையில் குழாய் ஒழுகவில்லை

ஈப்போ,
திங்கட்கிழமை

அன்பு மகள் சுவீ லிங்குக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். மழை வந்தால் அப்பாவின் முழங்கால் மட்டும் முனகுகிறது. மெல்பர்னில் வெயில் கொளுத்துகிறதாமே, தண்ணீர் நிறையக் குடி.

அறை பதியும் செயலியில் ஒன்பதாம் அறை ஏன் மாதக்கணக்காகப் 'பழுது' என்று காட்டுகிறது, சீனப் பெருநாளுக்கு மும்மடங்கு வாடகை போகுமே என்று ஃபோனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால்தான் கடிதம்.

நம் ஹோட்டலை நீ அந்தச் செயலியில் சேர்த்தது நல்லதாயிற்று. வார நாளிலும் அறைகள் நிரம்புகின்றன. கதவுக்கெல்லாம் எண் பூட்டு. சாவியைத் தொலைத்தேன் என்று யாரும் எழுப்புவதில்லை. துண்டு மெல்லிசு என்று ஒருவர் செயலியில் எழுதிவிட்டார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே புதுத் துண்டுகள் வாங்கி வந்தார். அறை கூட்டும் ரொஸ்னா முதலாளியைச் சும்மா விடுவாளா? "தவுக்கே, முன்னாடி நேர்ல திட்டுனாங்க, சண்டைக்குப் போனீங்க. இப்ப எழுதித் திட்டுறாங்க, துண்டு வாங்குறீங்க!" என்றாள்.

போன பெருநாளின்போது அறைகளை ஒன்று முதல் பத்துவரை வரிசையாகப் பதிந்தாய். நம் சீனத்தில் சாவு என்பதுபோல் ஒலிக்கும் நான்கை உன் தாத்தா எந்தக் கதவிலும் ஒட்டவில்லை, அது மூன்று-ஏ என்பதை மறந்துவிட்டாய். பினாங்குக் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு நான்காம் அறையைத் தேடி அலைந்தது. அவர்கள் முன்னாலேயே அப்பா, "படிச்சு என்ன கிழிச்ச? சொந்த வீட்டுக் கதவ எண்ணத் தெரியல" என்றார். நீயும், "நாலுக்குப் பயப்படுற ஹோட்டலை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லி, குடும்ப விருந்துக்கு உட்காராமலே விமானம் ஏறினாய். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அப்பா சொல்வதுபோல் ஒன்பதில் குழாய் ஒழுகவில்லை. உன் கட்டிலும் மேசையும் அப்படியே இருக்கின்றன. செயலி நிறுவனத்து ஆள் நேரில் வந்து குழாயைத் திறந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, அங்கிள்?" என்றார். "நீ பாக்குறப்ப ஒழுகாது" என்றார் அப்பா.

பழுது என்றைக்கு முடியும் என்று சொல்லாமல் இனிச் செயலி விடாதாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் அப்பாவே தேதியைத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். பெருநாளுக்கு முந்தின நாள், நம் குடும்ப விருந்து நாள்.

அவரைக் கேட்காதே. கேட்டால் குழாய் என்றுதான் சொல்வார். விருந்து மீனுக்குச் சொல்லிவிட்டேன், மூன்று பேருக்கு. ஒன்பதின் பூட்டுக்கு அப்பா வைத்த எண் உன் பிறந்தநாள்.

வழியில் ஒரு குறையும் வராமல் நல்லபடியாக வந்து சேர்.

அம்மா,
யோக் சான்