அப்பாவின் பிறந்தநாளும் ஒரு வாய்ச் சந்தகையும்

கோயம்புத்தூர், ராமநாதபுரம்,
வியாழக்கிழமை.

என் கண்ணு ஃபெமினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளை மெல்வினும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தினமும் முழங்காலிலிருந்து எழுந்திருக்கிறேன். எப்போதும் நாங்கள் இருவரும் சுகம் என்றுதானே எழுதுவேன், இந்தத் தடவை என்னை மட்டும்தான் சுகம் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. உட்கார்ந்து படி கண்ணு. மெல்வின் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நான் வாயைத் திறக்குமுன் காலை மிதிக்கிறார். பக்கத்து வீட்டு ஆஷ்லி சனிக்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறாள் என்றதும் அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று அவர் தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன். அப்பாவுக்கு உணவுக்குழாயில் கட்டி. கெட்ட கட்டிதான். கிறிஸ்துமஸ் கேக் தொண்டையில் நிற்கிறது என்றார், எனக்குத் தெரியாமல் எவ்வளவு தின்றீர்களோ என்று நானும் திட்டினேன். பொங்கல் கழித்துப் பார்த்தபோது டாக்டர் சொல்லிவிட்டார். கட்டியைச் சுருக்கக் கரண்ட் வைத்தார்கள், அதிலேயே ஆள் பாதியாகிவிட்டார். இப்போது கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான் இறங்குகிறது, அதுவும் மடக்கு மடக்காக. புது வேலையில் உனக்கு நிரந்தரம் ஆகாமல் சொல்லக்கூடாது, ஓடி வந்து வேலையை விட்டுவிடுவாள் என்று என் கையைப் பைபிள்மேல் வைக்காத குறையாகச் சத்தியம் வாங்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் நீ அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஊர் சுற்றிப் பார்த்துச் சாப்பிடுகிற டூரை புக் பண்ணிவிட்டு, சர்ப்ரைஸ் என்று குதித்தாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை சாமி. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எல்லாக் குழம்புக்கும் உப்பு தூக்கல், புளி கம்மி என்று மார்க் போடுகிற மனுசனுக்கு இதைவிட நல்ல பரிசை யார் யோசித்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். "புள்ள ஆசையாக் காசு கட்டிப்போட்டா, போகலைன்னா ஏன்னு கேப்பா, நீ சும்மா இரு அம்மணி" என்று என் வாயை அடைத்துவிட்டார். நீ அனுப்பிய நீலச் சட்டை தொளதொளவென்று தொங்கியது, உள்ளே ரெண்டு பனியன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இப்ப எப்படி என்று கேட்டார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

காரோடு வந்த கைடு முகமது ரியாஸ் கோட்டைமேட்டுக்காரர், நாற்பது வயசு இருக்கும், தங்கமான மனிதர். டவுன்ஹால் மணிக்கூண்டைக் காட்டினார், உக்கடம் பெரியகுளத்துக் கரையில் கொஞ்ச தூரம் நடக்க வைத்தார். முதல் கடையில் பன் பட்டர் ஜாம் வந்தது. அப்பா தட்டை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "ஏனுங்க சார், புடிக்கலீங்களா, வேற சொல்லட்டுங்களா" என்று ரியாஸ் பதறிவிட்டார். நம்ம ஊர் மரியாதைதான் உனக்குத் தெரியுமே, நமக்காக ஒருத்தர் மெனக்கெடும்போது முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. உன் அப்பா உடனே, "லெந்து நாளுங்க, நான் உபவாசமுங்க, இதெல்லாம் என்ற சம்சாரத்துக்குத்தானுங்க" என்று ஒரு போடு போட்டார். ரியாஸ் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "நோம்புன்னா எங்களுக்குத் தெரியாதுங்களா சார், எங்களுது போன வாரந்தான் முடிஞ்சுது" என்றார். அதுக்கப்புறம் அந்த மனுசன் அப்பா முன்னால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை கண்ணு. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, கடைக்குக் கடை எங்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு அவரும் காய்ந்துகொண்டு நிற்கிறார். பொய் சொன்னது இவர், பட்டினி கிடந்தது அவர். எனக்கு மானம் போனது. ரெண்டு பேர் பங்கையும் நானே தின்றேன். காளானும் பிரியாணியும் ஒப்புட்டும் எப்படி இருந்தது என்று கேட்டாயே, ஒன்றும் தெரியாது, மண்ணைத் தின்றமாதிரி இருந்தது.

கடைசியாக ராசாத்தாள் என்கிற அம்மா நடத்துகிற சந்தகைக் கடை, இடியாப்பம்போலச் சுடச்சுடப் பிழிந்து தருகிறார். அங்கே வைத்துத்தான் நீ வீடியோ காலில் வந்தாய். அப்பா ஒரு வாய் சாப்பிடுங்கள், நான் பார்க்கவேண்டும் என்றாய். நான் போனுக்கு வெளியே இருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தேங்காய்ப் பாலில் தோய்த்து ஒரு வாய் போட்டு, மென்று, விழுங்கி, உன்னைப் பார்த்துச் சிரித்தார். மகளுக்காக நோன்பை முறித்துவிட்டார் என்று ரியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ கை தட்டினாய், பாட்டுப் பாடினாய், மெல்வினைக் கூப்பிட்டாய். அவ்வளவு நேரமும் அது இறங்காமல் நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது கண்ணு. நீ போனை வைக்கிறவரைக்கும் சிரித்த முகம் மாறவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீ ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாய். எல்லோரும் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள், நான் அதைத் திறந்து பார்க்கிறதில்லை.

போன் அணைந்ததும் கடைக்குப் பின்னால் ஓடினார். எல்லாம் திரும்பி வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. ரியாஸ்தான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். ராசாத்தாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்ற கையால போட்ட சோறு இப்படி ஆகிப்போச்சுங்களே" என்று அழுதார். நான் அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். ரியாஸ் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, "சொல்லியிருந்தா உங்களைக் குளத்தோரமாவே உட்கார வெச்சிருப்பனுங்களே சார்" என்றார். உன் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா, "சந்தகை அருமைங்க, பால்ல மட்டும் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திரும்பும்போது காரில், "ருசி தெரிஞ்சுது ஜெபா, நாக்கு வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால்தான் உடம்பில் சத்து ஏறும், இந்த மாதமே வைக்கவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். "குழாய்ல ஊத்தறதுக்கு நானென்ன வண்டியா" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார். நீ ஜூன் மாதம் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம். ஜூனில் எதைப் பார்க்கிறது? எத்தனை மாதம் என்று டாக்டரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. நான் சொல்லியும் கேட்கவில்லை, சர்ச் ஐயர் வந்து ஜெபித்துவிட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. நீ எதிரில் நின்று சொன்னால் கேட்பார். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று என்மேல் கோபப்படட்டும், கோபப்படவாவது அவர் இருக்கவேண்டும். வேலை போனால் போகிறது, வேறு கிடைக்கும். புறப்பட்டு வா கண்ணு. மெல்வினுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. சாமான் எதுவும் வாங்கிக்கொண்டு அலையாதே.

உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபம் பண்ணியதாக நினைத்துக்கொள். வழியில் அழுதுகொண்டே வராதே, தண்ணீர் குடி. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே எல்லோரும் அவரைப் பார்த்ததும் வாய் தவறிக் கேட்டுவிடுகிறார்கள், சர்ச்சில், தெருவில், போனில், அவரும் ஆச்சுங்க ஆச்சுங்க என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் வீட்டுக்குள் வருகிறார். வேறு என்ன வேண்டுமானாலும் கேள், திட்டக்கூடத் திட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது பழக்கத்தில் சாப்பிட்டீங்களா அப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
தே. ஜெபமணி